நரி வாங்கிய ரப்பர் நண்டு

ஒரு காட்டில், குழந்தைகளே, மரங்களுக்கெல்லாம் நாளுக்கு இரண்டு முறை கால் நனையும். அது கடலோரத்து அலையாத்திக் காடு. கடல் தண்ணீர் ஓடைகள் வழியாக உள்ளே ஏறி வரும். அதை அங்கே ஓதம் என்பார்கள். வந்த தண்ணீர் வேரடியில் சற்று நேரம் நின்றுவிட்டு மறுபடியும் வற்றிப் போகும்.

அந்தக் காட்டில் எப்போதும் ஈரம் படாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு சின்ன மேடு. பௌர்ணமி ஓதம் வந்து காடு முழுக்க இடுப்பளவு தண்ணீர் நின்றாலும் அந்த மேட்டின் உச்சி மட்டும் அப்பளம் போலக் காய்ந்து கிடக்கும். அங்கே செவலையன் என்ற நரி, தன் மனைவி மூக்காயியோடும், இன்னும் நீந்தப் பழகாத மூன்று குட்டிகளோடும் குடியிருந்தான்.

செவலையனுக்குத் தன் வாலைப் பற்றி ஒரே பெருமை. அதற்குக் காரணமும் உண்டு. அவன் அந்த வாலால்தான் நண்டு பிடிப்பான்.

நரி நண்டு பிடிப்பது எப்படி என்று தெரியுமா? நண்டு வளைக்குள் வாலை விடும். உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் நண்டுக்குக் கோபம் வரும். கொடுக்கால் வாலைக் கவ்வும். கவ்வியதும் நரி கத்தவும் கூடாது, யோசிக்கவும் கூடாது. வாலை விசுக்கென்று சுழற்றி மூக்குக்கு முன்னால் கொண்டு வந்து, நண்டை ஒரே கடி! நரிக்குட்டிகள் கற்கும் முதல் பாடம் அதுதான். கடைசிப் பாடமும் அதுதான். நடுவில் வேறு பாடம் ஒன்றும் இல்லை.

மேட்டுக்கு எதிர்க்கரையில் மினுக்கன் என்ற நீர்நாய் இருந்தான். அவன் தினமும் ஓடையில் குதித்துக் கொடுவா மீன் பிடிப்பான். கொடுவாவுக்குப் பெரிய வாய், வெள்ளி உடம்பு. அந்த ஓடையிலேயே அதற்கு ஈடான ருசி வேறு மீனுக்குக் கிடையாது. மினுக்கன் சதையைத் தின்றுவிட்டுக் குடலைக் கரையில் எறிந்துவிடுவான். மூக்காயி அதை வீணாக்காமல் எடுத்து வந்து, பிரித்துச் சுத்தம் செய்து குட்டிகளுக்குக் கொடுப்பாள்.

ஒருநாள் கடைக்குட்டி மூக்கை நக்கிக்கொண்டே கேட்டது.

"அம்மா, குடலே இவ்வளவு ருசின்னா மீன் எப்படி இருக்கும்? அப்பா ஏன் மீன் பிடிக்கிறதில்ல?"

"அப்பாவுக்குத் தெரியாதுடா" என்றது பெரியகுட்டி. "அவருக்கு நண்டு மட்டும்தான் தெரியும்."

செவலையன் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். இந்தப் பேச்சு காதில் விழுந்ததும் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்தான். ஓடைக்கரைக்குப் போனான்.

"என்ன மினுக்கா! ஒரு மீனுக்காக உச்சந்தலை வரைக்கும் நனைக்கிறியே, வெக்கமா இல்ல? எங்க குலத்துல வால் நுனியை நனைச்சாப் போதும். எதுவும் தானா வந்து சிக்கும்."

மினுக்கன் மீசையில் சொட்டிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"நண்டு வேற, கொடுவா வேற அண்ணே. நண்டு கோபத்துல கவ்வும். கொடுவா பசியிலதான் கவ்வும்."

"எப்படிக் கவ்வினா என்ன? கவ்வுறது கவ்வுறதுதானே!"

"அப்படியா? சரி, ஒரு பந்தயம். வர்ற பௌர்ணமி அன்னைக்குத் தண்ணி வத்தி, மறுபடி ஓதம் திரும்புறதுக்குள்ள, உங்க வால்ல கட்டின இரையில ஒரே ஒரு கொடுவா பிடிச்சுக் காட்டுங்க. பிடிச்சிட்டா ஒரு மாசத்துக்கு நான் பிடிக்கிற முதல் மீன் உங்க குட்டிங்களுக்கு."

"பிடிக்காட்டி?"

"அந்த மேடு எனக்கு. எனக்கும் முதுகு காயப் படுக்கணும்னு ஆசை இருக்காதா?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நரிக்கு மட்டும் வாய் இல்லையா என்ன? "சரி!" என்றான் செவலையன். சொன்ன வேகத்தில் திரும்பியும் வந்துவிட்டான்.

மூக்காயி எல்லாவற்றையும் கேட்டாள். சண்டை போடவில்லை. அதுதான் செவலையனுக்குப் பயமாக இருந்தது.

"பௌர்ணமிக்கு இன்னும் எத்தனை நாளுங்க?" என்றாள்.

"மூணு நாள்."

"மேட்டை விட்டா நமக்கு ஈரம் படாத இடம் வேற ஏது? நம்ம குட்டிங்களுக்கு நீந்தத் தெரியாதே."

செவலையன் திரும்பிப் பார்த்தான். குட்டிகள் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்கத் தன் நாக்கைத் தானே கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு. ஆனால் வெளியே காட்டிக்கொள்வானா? வாலை ஒருமுறை உதறினான்.

"நல்ல இரை ஒண்ணு வாங்கிட்டாப் போச்சு. வா, கரியன் கடைக்குப் போகலாம்."

கரியன் ஒரு காகம். அந்தக் காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் தொப்பி போட்ட மனிதர்கள் படகில் வருவார்கள். அவர்கள் நரம்பு என்கிற மெல்லிய தூண்டில் கயிற்றின் நுனியில் ரப்பர் இரைகளைக் கட்டித் தூண்டில் வீசுவார்கள். புழு மாதிரி, மீன் மாதிரி, தவளை மாதிரி, எல்லாம் தொட்டால் குழையும் ரப்பர். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தூண்டில் முள் ஒளிந்திருக்கும். பாதி இரைகள் மீன் வாய்க்குப் போகாமல் மரத்தின் வேரில் போய் மாட்டிக்கொள்ளும். அவர்கள் தலையில் அடித்துக்கொண்டு நரம்பை அறுத்துவிட்டுப் போவார்கள். கரியன் அவற்றைப் பொறுக்கி, ஒரு கண்டல் மரத்துக் கிளையில் வரிசையாகத் தொங்கவிட்டு, கடை போட்டுவிட்டான். நண்டு கொடுத்தால் இரை கொடுப்பான்.

"வாங்கண்ணே! வாங்க அண்ணி!" என்று கரைந்தான் கரியன். "கொடுவாவுக்குத்தானே? ஊர் பூரா அதான் பேச்சு. இந்தக் கருப்புப் புழுவைப் பாருங்க. கலங்கல் தண்ணியிலயும் பளிச்சுன்னு தெரியும். உடம்பு பூரா வரி வரியா எப்படி நெளியுது பாருங்க."

"புழுவா? நான் என்ன கோழியா?" என்றான் செவலையன்.

"அப்ப இந்த வெள்ளை மீன். இழுத்தா வாலைத் துடுப்பு மாதிரி ஆட்டும்."

செவலையன் அதை ஒரு நக்கு நக்கிப் பார்த்தான். "சப்புன்னு இருக்கு. உப்பே இல்ல."

"பச்சைத் தவளை? காலு ரெண்டும் தனித்தனியா உதைக்கும்."

"வேண்டவே வேண்டாம். போன மழையில ஒரு தவளை தின்னு, மூணு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

இப்படி ஒன்றை முகர்ந்தான், ஒன்றை நக்கினான், ஒன்றை லேசாக மென்றுகூடப் பார்த்தான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவன்கூட அவ்வளவு குறை சொல்ல மாட்டான்.

மூக்காயி இதற்குள் கிளையின் கோடியில் எதையோ பார்த்துவிட்டாள். விரல் நீளத்தில் ஒரு ரப்பர் இறால். சேற்று நிறம். மினுமினுப்பு இல்லை, வாசனை இல்லை. ஒரு மீசை வேறு ஒடிந்திருந்தது.

"ஏங்க, இதைப் பாருங்க. நான் தினம் குடலைப் பிரிக்கிறேனே, கொடுவா வயித்துல எப்பவும் இந்த மாதிரி பொடி இறால்தான் கிடக்கும்."

செவலையன் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"சீ! யாரோ மூக்கைச் சிந்திப் போட்ட மாதிரி இருக்கு. இதை வாயில வைக்க முடியுமா?"

"இதை யாருங்க தின்னப் போறது?" என்றாள் மூக்காயி.

நல்ல கேள்விதான். ஆனால் செவலையன் காதில் அது விழவில்லை. ஏனென்றால் அதே நேரத்தில் கரியன் ஓர் இலையை விலக்கினான்.

கரியன் பெரிய வியாபாரி, குழந்தைகளே. இவ்வளவு நேரமும் அவன் இரைகளைப் பார்க்கவே இல்லை. செவலையனின் நாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது எதற்கு நீள்கிறது, எதற்குச் சுருங்குகிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

இலைக்குப் பின்னால் ஒரு ரப்பர் நண்டு தொங்கியது.

ஆகா! நெருப்புச் சிவப்பு. முதுகில் தங்கப் பொடி. எட்டுக் காலும் இரண்டு கொடுக்கும் காற்றில் குழைந்து குழைந்து ஆடின. அதோடு விட்டதா? அதன் ரப்பரிலேயே நண்டு நெய், அதாவது நண்டுக் கொழுப்பின் வாசனையை ஏற்றியிருந்தார்கள். அந்த வாசனை வந்து செவலையனின் மூக்கைப் பிடித்து இழுத்தது. அவன் நாக்கு ஒரு சாண் வெளியே வந்து தொங்கியது.

"இதை விக்கிறதா இல்லைண்ணே" என்றான் கரியன். "சும்மா பார்க்கத்தான் காட்டினேன். ருசி தெரிஞ்சவங்க வந்தா மட்டும்தான் இலையை விலக்குவேன்."

"எனக்குத் தெரியாத ருசியா! எத்தனை நண்டு வேணும்?"

"மத்ததுக்கு ஒண்ணு. இதுக்கு ஆறு."

மூக்காயி குட்டிகளுக்கென்று இரண்டு நாளைக்கு வைத்திருந்த நண்டு சரியாக ஆறுதான். செவலையன் அத்தனையையும் எடுத்து நீட்டிவிட்டான். நிஜ நண்டு ஆறைக் கொடுத்து ரப்பர் நண்டு ஒன்றை வாங்கிய நரி உலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

"கொசுறு ஏதாவது உண்டா தம்பி?" என்று கேட்டாள் மூக்காயி. வயிறு எரிந்தாலும் கொசுறு கேட்காமல் கடையை விட்டு இறங்க மாட்டாள் அவள்.

"அந்த மீசை ஒடிஞ்ச இறாலை எடுத்துக்குங்க அண்ணி. ஆறு மாசமா தொங்குது. நாய்கூட மோந்து பார்க்கல."

மூக்காயி அதை நரம்போடு சேர்த்துச் சுருட்டிக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

மறுநாள் செவலையன் ஓடைக்கரையில் தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ரப்பர் நண்டை வால் நுனியில் கட்டினான். நரம்பை ஒரு சாணுக்கு மேல் விடவில்லை.

"இன்னும் கொஞ்சம் நீளமா விடுங்க" என்றாள் மூக்காயி.

"தூரமா விட்டா வாசனை வராது."

"யாருக்கு?"

செவலையன் வாலைத் தண்ணீரில் விட்டான். கம்பீரமாக இருக்க வேண்டும் என்பதற்காக அதைக் கழி போல விறைப்பாக வைத்துக்கொண்டான். ரப்பர் நண்டும் அசையாமல் கிடந்தது. எதிர்க்கரையில் மினுக்கன் வேரில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான்.

அன்று ஒரு மீனும் வரவில்லை. "தண்ணி சரியில்ல" என்றான் செவலையன்.

அடுத்த நாளும் வரவில்லை. "வெயில் சரியில்ல" என்றான். மாலையில், "இந்த ஓடையே கோணல்" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாமே, அவளும் இவனும் ஒரே ஊராக இருக்க வேண்டும்.

ஆனால் இரண்டு நாளும் செவலையன் ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தான். சற்றைக்கொருமுறை வாலைத் தூக்கி, ரப்பர் நண்டு இருக்கிறதா என்று பார்ப்பான். நனைந்த நண்டு இன்னும் சிவப்பாக மின்னும். ஒரு முகர் முகர்வான். எச்சிலை விழுங்குவான். மறுபடியும் தண்ணீரில் விடுவான். வீட்டில் வேறு நண்டே இல்லை. ஆறும் கரியன் வயிற்றுக்குப் போய்விட்டன. பசி வேளையில் ரப்பருக்கும் சதைக்கும் வித்தியாசம் குறைந்துகொண்டே வரும், குழந்தைகளே.

பௌர்ணமி வந்தது. காலையில் ஓடை நிரம்பி நின்ற தண்ணீர் மெல்ல மெல்ல வற்றத் தொடங்கியது. வற்றி முடிந்ததும் ஓதம் திரும்பும். அதோடு பந்தயம் முடியும். அன்றைய ஓதம் காடு முழுக்க ஏறிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மூக்காயி குட்டிகளையும் கரைக்குக் கூட்டி வந்திருந்தாள். மேட்டைக் காலி செய்யச் சொன்னால் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடலாம், மூன்றாவதை யார் தூக்குவது என்று அவள் மனம் அடித்துக்கொண்டிருந்தது.

செவலையன் வழக்கம் போல உட்கார்ந்திருந்தான். தண்ணீரைப் பார்க்கவே அவனுக்குத் தைரியம் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டான். கண்ணை மூடினால் நண்டுதான் தெரிந்தது.

அப்போது தண்ணீருக்கடியில் ஒரு பொடி நண்டு போய்க்கொண்டிருந்தது. உளுந்து வடை அளவுகூட இருக்காது. தன் வழியில் மயிரடர்ந்த ஒரு வால் குறுக்கே கிடப்பதைப் பார்த்து அதற்குக் கோபம் வந்தது. நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுப் போய்விட்டது.

அவ்வளவுதான். செவலையன் கத்தவில்லை, யோசிக்கவும் இல்லை. குட்டியாக இருந்தபோது கற்ற பாடம் தானாக வேலை செய்தது. வால் விசுக்கென்று சுழன்றது. மூக்குக்கு முன்னால் சிவப்பாக, தங்கப் பொடி மின்ன, நண்டு நெய் மணக்க மணக்க ஒரு நண்டு வந்து நின்றது.

ஒரே கடி!

ரப்பருக்குள் இருந்த முள் கீழுதட்டில் சதக்கென்று ஏறியது.

"ம்ம்ம்ம்ம்!" என்றான் செவலையன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. வாயில் நண்டு, நண்டில் நரம்பு, நரம்பில் வால், வாலின் மறுகோடியில் அவனே. தலையை இழுத்தால் வால் வலித்தது. வாலை இழுத்தால் உதடு வலித்தது. தலைச்சுமைக்கு அடியில் வைக்கும் சும்மாடு போல வட்டமாகச் சுருண்டு சேற்றில் உருண்டான்.

எதிர்க்கரையில் மினுக்கன் சிரித்த சிரிப்பில் வேரிலிருந்து வழுக்கித் தண்ணீரில் விழுந்தான்.

"அண்ணே! மூணு நாளா தூண்டில் போட்டு உங்களையே பிடிச்சிட்டீங்களே!"

குட்டிகளும் சிரித்தன. பிறகு அப்பாவின் கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்துக் கடைக்குட்டி அழத் தொடங்கியது. செவலையன் உடம்பெல்லாம் கூசிக் குறுகிப் போனான். உதட்டு வலியைவிட அந்த அழுகைதான் அவனுக்கு அதிகம் வலித்தது. மேடு போயிற்று, மானம் போயிற்று. தலைக்கு மேல் வெள்ளம் வரப்போகும் நேரத்தில் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு கிடக்கிறான்.

மூக்காயி மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஓடையைப் பார்த்தாள். தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றி, கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. வேரடிகளிலிருந்து பொடி இறால்கள் சிதறிச் சிதறித் துள்ளின. அவற்றின் பின்னால் அகலமான ஒரு நிழல் வந்து "டொப்" என்று ஓசை எழுப்பிவிட்டு மறைந்தது.

மூக்காயி காதுக்குப் பின்னால் கையை விட்டு, மீசை ஒடிந்த இறாலை எடுத்தாள்.

"தம்பி மினுக்கா, ஓதம் இன்னும் திரும்பல இல்ல?"

"இல்ல அண்ணி. இதோ, இன்னும் கொஞ்ச நேரம்."

"இவரு வால்ல கட்டின இரைன்னுதானே பேச்சு?"

"ஆமா. ஆனா வாலுதான் வாய்க்குள்ள..."

"வாய்க்குப் பக்கத்துல இருந்தாலும் வால் வால்தானே?"

மினுக்கன் தலையைச் சொறிந்தான்.

மூக்காயி இறாலின் நரம்பை நீளமாக விட்டு, மறுமுனையைச் செவலையனின் வாலில் இறுக்கிக் கட்டினாள். வளையமாகக் கிடந்த கணவனைத் தள்ளித் தள்ளி உருட்டிக்கொண்டு போய், நீர்விளிம்பில் இரண்டு வேர்களுக்கு நடுவே செருகினாள். இறாலை எடுத்து, இறால்கள் துள்ளும் இடத்தில் எறிந்தாள்.

"பேசாம இருங்க" என்றாள்.

பேசாமல் இருப்பதைத் தவிர அவனால் வேறு என்ன செய்ய முடியும்?

ஆனால் அவன் நடுங்கினான். முன்பு கழி போல விறைத்து நின்ற வால் இப்போது பயத்தில் வெடவெட என்று ஆடியது. அந்த நடுக்கம் நரம்பு வழியாகப் போய் ரப்பர் இறாலை உதறியது. கலங்கல் தண்ணீரில் சேற்று நிற இறால் ஒன்று துள்ளியது, நின்றது, மறுபடி துள்ளியது. பக்கத்தில் இருந்த நிஜ இறாலுக்கே அது தன் சித்தப்பா மகன் என்று தோன்றியிருக்கும்.

அந்த அகலமான நிழல் திரும்பியது.

"டொப்!"

கொடுவா பசியில் கவ்வியது. கவ்விய வேகத்தில் ஓடையின் நடுவுக்குப் பாய்ந்தது. வேரில் செருகியிருந்த செவலையன் பிய்த்துக்கொண்டு உருண்டான். "ம்ம்ம்! ம்ம்ம்ம்!" மீன் ஒரு இழுப்பு இழுத்தால் வால் நீளும், வால் நீண்டால் உதடும் கூடவே நீளும். மூக்காயி பாய்ந்து அவன் பின்னங்காலைக் கவ்வினாள். பெரியகுட்டி அம்மாவின் வாலைக் கவ்வியது. நடுக்குட்டி பெரியகுட்டியின் வாலைக் கவ்வியது. கடைக்குட்டிக்குக் கவ்வ எட்டவில்லை. அது கரையில் நின்று, "இழுங்க! இழுங்க!" என்று கத்தியது. குடும்பத்தில் அதிக வேலை செய்தது தான்தான் என்று இன்றைக்கும் அது சொல்லிக்கொள்கிறது.

ஓடையிலோ தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தது. நீந்த ஆழம் இல்லாமல் கொடுவாவின் பாய்ச்சல் தளர்ந்தது. கடைசியாக ஒரு துள்ளு துள்ளியது. மூக்காயி முழுப் பலத்தோடு பின்னால் இழுத்தாள். வெள்ளி உடம்பு சேற்றில் சறுக்கிக்கொண்டு வந்து, செவலையன் மூக்குக்கு நேராக வாயைப் பிளந்துகொண்டு விழுந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் வாயிலும் ஆளுக்கொரு ரப்பர் இரை.

அந்த நேரத்தில்தான் ஓடைவாயில் நுரை தெரிந்தது. ஓதம் திரும்பிவிட்டது.

மினுக்கன் நீந்தி வந்தான். மீனைப் பார்த்தான், நரம்பைப் பார்த்தான், நரம்பு கட்டிய வாலையும் பார்த்தான்.

"பேச்சுன்னா பேச்சுதான். மேடு உங்களுது. நாளையிலேருந்து முதல் மீன் குட்டிங்களுக்கு" என்றான். தோற்றதில் அவனுக்கு வருத்தம்தான். ஆனால் அவன் நல்லவன். தன் சின்ன விரல்களால் செவலையனின் உதட்டிலிருந்து முள்ளைப் பக்குவமாகக் கழற்றி எடுத்தான்.

வாய் விடுபட்டதும் செவலையன் என்ன சொன்னான் தெரியுமா?

"அந்த நண்டுல நெய் வாசனைதான் இருக்கு. உப்புக் கம்மி."

மூக்காயி முறைத்த முறைப்பில் அதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை. குட்டிகளை முன்னால் விட்டு, மீனைத் தூக்கிக்கொண்டு மேடேறினான். காடு முழுக்கத் தண்ணீர் ஏறியது. மேட்டின் உச்சியில் ஆறு பேர் ஈரம் படாமல் உட்கார்ந்து கொடுவாவைத் தின்றார்கள். ஆறாவது யார் என்கிறீர்களா? மினுக்கன்தான். "இன்னைக்கு ஒருநாள் முதுகு காயட்டும் தம்பி" என்று மூக்காயி கூப்பிட்டிருந்தாள்.

நாலு நாள் கழித்துக் கரியன் மேட்டுக்கே பறந்து வந்தான்.

"ஏன்டா கரியா, உன் நண்டுல ஒரு மீன்கூட சிக்கலையே!" என்று சீறினான் செவலையன்.

"மீன் சிக்கும்னு நான் சொன்னேனாண்ணே? ருசி தெரிஞ்சவங்களுக்குன்னுதானே சொன்னேன்!" கரியன் சிறகைக் கோதிக்கொண்டான். "என் வாய்க்குப் பிடிச்சதை ஒருநாளும் நான் கடையில தொங்கவிட்டதில்ல. வர்றவங்க வாய்க்குப் பிடிச்சதைத்தான் தொங்கவிடுவேன். அதை விடுங்க. உங்களுக்காகவே ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்."

அவன் சிறகை விலக்கினான். ஒரு ரப்பர் எலி. கொழு கொழு என்று இருந்தது. எலிக்கொழுப்பு வாசனை கும்மென்று வந்தது.

செவலையனின் நாக்கு மெல்ல மெல்ல வெளியே நீண்டது. கீழுதட்டுக் காயத்தில் பட்டது. சுரீர் என்றது. நாக்கைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டான்.

"அது சரி" என்றான். "இதை யாரு தின்னப் போறது?"

கரியன் எலியைச் சிறகுக்குள் மறைத்துக்கொண்டு, வேறு நரியைத் தேடிப் பறந்து போனான்.

நீதி: நீ பிடிக்க நினைப்பவரின் நாவுக்கு ஏற்ற இரையைத் தேர்ந்தெடு, உன் நாவுக்கு இனிப்பதைக் கட்டினால் சிக்குவது உன் வாய்தான்.